அடைப்பு கரையுமா?

கஷாயம், மாத்திரை, ஐந்து சாறு கலந்த மருந்து... இரத்தக் குழாயைக் காப்பாற்ற ஊரெல்லாம் ஆளுக்கொரு வைத்தியம் சொல்கிறது. உண்மையில் எது காக்கிறது, எது ஏமாற்றுகிறது?

மெரினாவில் காலை ஆறே கால். உழைப்பாளர் சிலைக்குப் பின்னால் கடல் இன்னும் ஈயம் பூசிய நிறத்தில் கிடக்கிறது. நடைபாதை ஓரத் தள்ளுவண்டியில் எவர்சில்வர் தூக்குகள் வரிசையாக நிற்கின்றன. அருகம்புல், வாழைத்தண்டு, நெல்லி, பாகற்காய். ஒவ்வொரு மூடியிலும் ஒரு வியாதியின் பெயர்: 'சுகர்', 'பிரஷர்', 'கல்லடைப்பு'. கடைசியில் புதிதாக ஒரு தூக்கு. ஸ்கெட்ச் பேனாவால் எழுதியிருக்கிறார்கள்: 'ஹார்ட் பிளாக்'.

அதைச் சுற்றி நான்கு பேர்.

"இஞ்சி, பூண்டு, எலுமிச்சை, ஆப்பிள் சைடர் வினிகர், தேன். அஞ்சும் சம அளவு. நாப்பது நாள் குடிச்சா அடைப்பெல்லாம் கரைஞ்சிடுமாம் சார். எங்க குரூப்ல வந்துது" என்கிறார் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி.

"எங்க மச்சானுக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்கு ஆபரேஷனே வேணாம்னு அனுப்பிட்டாங்களாம்" என்கிறார் அடுத்தவர்.

இதுவரை பேசாமல் நின்றவர் டம்ளரை வண்டியிலேயே வைத்துவிட்டுச் சொல்கிறார்: "போன வருஷம் எனக்கு ஸ்டென்ட் வெச்சாங்கல்ல? அதுக்கு முந்தி ரெண்டு மாசம் நான் இதைத்தான் குடிச்சிட்டிருந்தேன்."

கொஞ்ச நேரம் அலைச் சத்தம் மட்டும்தான். பிறகு நால்வரும் சாலையைக் கடந்து திருவல்லிக்கேணிப் பக்கம் நடக்கிறார்கள். டிபன் கடையில் நெய் மிதக்கும் பொங்கலும் சூடான வடையும் காத்திருக்கின்றன.

இந்தக் காலைக் காட்சி சென்னைக்கு மட்டும் உரியதல்ல. 2021 ஏப்ரலில் நடிகர் விவேக் 59 வயதில் மாரடைப்பால் மறைந்தபோது ஒவ்வொரு வீட்டிலும் எழுந்த பயம் இன்னும் அடங்கவில்லை. மரம் நட்டவர், ஓடியாடியவர், அவருக்கே இப்படியா? அந்தப் பயத்தின் மீதுதான் சாறு வண்டியும் சத்து மாத்திரைக் கடையும் வாட்ஸ்அப் வைத்தியமும் நிற்கின்றன. எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி: அடைப்பு கரையுமா?

'குழாய்' என்ற சொல் செய்த குழப்பம்

'இரத்தக் குழாய்' என்று சொல்லிச் சொல்லியே நமக்குச் சமையலறைத் தொட்டியின் குழாய் மனதில் பதிந்துவிட்டது. உள்ளே எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டுகிறது. புளிப்பாக எதையாவது ஊற்றினால் கரைந்து ஓடிவிடும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நடப்பது அதுவல்ல.

இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் நாளத்தின் உட்குறுக்களவு 3 முதல் 4 மில்லிமீட்டர். ஒரு மல்லி விதையின் பருமன். அதன் உள்புறத்தை ஒரே ஒரு உயிரணு அடுக்கு போர்த்தியிருக்கிறது. இந்த உள்ளுறை வெறும் பூச்சு அல்ல. எப்போது விரிய வேண்டும், எப்போது சுருங்க வேண்டும், எங்கே இரத்தம் உறையக் கூடாது என்று நாள் முழுவதும் முடிவெடுக்கும் உயிருள்ள தோல் அது.

இதைக் கண்டுபிடித்தது ஒரு கைப்பிசகு. அமெரிக்க விஞ்ஞானி ராபர்ட் ஃபர்ச்காட் முயலின் நாளத் துண்டுகளை வைத்துச் சோதனை செய்துகொண்டிருந்தார். மருந்து பட்டதும் சில துண்டுகள் தளர்ந்தன, சில அசையவில்லை. அசையாத துண்டுகளில், எடுத்துக் கையாண்டபோது உள்ளுறை உரசிப் போயிருந்தது. நாளத்தைத் தளர்த்தும் ஏதோ ஒன்று அந்த உறையிலிருந்துதான் வருகிறது என்று 1980-இல் அவர் எழுதினார். அது நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு என்பது பின்னர் தெரிந்தது. ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் 1998-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்த உறையைத்தான் புகையும் உயர் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் தினம் தினம் கீறுகின்றன. கீறிய இடத்தில் எல்.டி.எல். எனும் கெட்ட கொழுப்புத் துகள்கள் சுவருக்குள் புகுந்து தங்குகின்றன. அவற்றை விழுங்க வரும் வெள்ளணுக்கள் கொழுப்பில் ஊறி அங்கேயே மடிகின்றன. மேலே ஒரு மெல்லிய மூடி வளர்கிறது. ஆக, அடைப்பு குழாய்க்குள் ஒட்டிய பிசுக்கு அல்ல. சுவருக்குள் புடைத்த கட்டி. குடிக்கும் சாறு இரைப்பையிலும் குடலிலும் செரித்து முடிகிறதே தவிர, சுவருக்குள் போய் எதையும் கரைப்பதில்லை.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். மாரடைப்பு பெரும்பாலும் கட்டி மெல்ல மெல்ல வளர்ந்து வழியை முழுதாக மூடுவதால் வருவதில்லை. பாதிக்கும் குறைவாக மறைத்திருக்கும் கட்டிகூடத் திடீரென மூடி கிழிந்து, அங்கே இரத்தம் உறைந்து, சில நிமிடங்களில் வழியை அடைத்துவிடும். "போன மாசம்தான் டிரெட்மில் டெஸ்ட் நார்மல்னு வந்துது" என்று துக்க வீட்டில் சொல்வார்களே, அதன் விளக்கம் இதுதான்.

ஆறு வருடம் முந்தி வரும் விருந்தாளி

இந்தக் கட்டி எந்த வயதில் தொடங்குகிறது? கொரியப் போரில் இறந்த 300 அமெரிக்க வீரர்களின் இதயங்களை மருத்துவர்கள் ஆராய்ந்து 1953-இல் முடிவை வெளியிட்டார்கள். வீரர்களின் சராசரி வயது 22. நான்கில் மூன்று பேருக்கு மேல் இதய நாளங்களில் நோயின் அடையாளம் இருந்தது. ஐம்பதில் வெடிப்பது இருபதில் விதைக்கப்படுகிறது.

நமக்கோ அந்த ஐம்பதும் சீக்கிரம் வந்துவிடுகிறது. 52 நாடுகளில் நடந்த 'இன்டர்ஹார்ட்' ஆய்வு, தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது 53 என்று காட்டியது. மற்றவர்களுக்கு அது ஏறத்தாழ 59. இடையில் உள்ள அந்த ஆறு வருடங்கள்தாம் மகளின் கல்யாணம், மகனின் கல்லூரிக் கட்டணம், வீட்டுக்கடனின் கடைசித் தவணைகள். மாரடைப்பு நம் வீடுகளில் முதியவரைக் கொண்டுபோகும் நோயாக இல்லை. சம்பாதிப்பவரைச் சாய்க்கும் நோயாக இருக்கிறது.

சிகிச்சைக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் கைகொடுக்கிறது. ஸ்டென்ட் விலைக்கு 2017 பிப்ரவரியிலேயே மத்திய அரசு உச்சவரம்பு விதித்தது. ஆனால் வீட்டுக்கு வந்த பிறகுதான் கணக்கு தொடங்குகிறது. மூட்டை தூக்கியவர் இனி தூக்க முடியாது. இரவு லாரி ஓட்டியவரை முதலாளி கூப்பிடுவதில்லை. மாத்திரை வாழ்நாளுக்கும் வேண்டும். கை கொஞ்சம் இறுகும் மாதத்தில் முதலில் நிற்பது அந்த மாத்திரைதான். ஸ்டென்ட் ஓர் இடத்தைத்தான் திறந்துவைக்கிறது. நோய் மற்ற இடங்களில் தன் வேலையைத் தொடர்கிறது.

ஆறுதலான செய்தியும் அதே 'இன்டர்ஹார்ட்' ஆய்வில் உண்டு. புகையிலை, இரத்தக் கொழுப்பு, இரத்த அழுத்தம், சர்க்கரை, தொப்பை, மன அழுத்தம், காய்கனிக் குறைவு, மது, உடலுழைப்பின்மை. இந்த ஒன்பதுக்குள்ளேயே மாரடைப்பு அபாயத்தின் 90 சதவீதம் அடங்கிவிடுகிறது என்றது 2004-இல் வெளியான அதன் முடிவு. 'தலையெழுத்து' என்று நாம் தள்ளிவிடுவதில் பெரும்பகுதி நம் கையெழுத்துதான்.

பெட்டிச் செய்தி: உங்கள் எண்கள்

• இரத்த அழுத்தம்: 120/80-க்குக் கீழ் நல்லது. மீண்டும் மீண்டும் 140/90-ஐத் தாண்டினால் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.
• எல்.டி.எல்.: இந்திய இதயவியல் சங்கம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி பொதுவாக 100-க்குக் கீழ், சர்க்கரை, பிரஷர் போன்ற அபாயம் உள்ளவர்களுக்கு 70-க்குக் கீழ், ஏற்கெனவே மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்களுக்கு 55-க்குக் கீழ்.
• முதல் கொழுப்புப் பரிசோதனை: 18 வயதில். வெறும் வயிறு கட்டாயமில்லை.
• லிப்போபுரோட்டீன் 'ஏ': பரம்பரையாக வரும் கொழுப்பு வகை. வாழ்வில் ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும்.
• இடுப்புச் சுற்றளவு: ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. தாண்டக் கூடாது.
• வெறும் வயிற்றுச் சர்க்கரை: 100-க்குக் கீழ்.

எண்ணெய்: எது என்பதைவிட எவ்வளவு என்பது

நாளங்களைக் காக்கும் உணவு என்றதும் எல்லாரும் சண்டை போடுவது எண்ணெயைப் பற்றித்தான். செக்கா, ரீஃபைன்டா? தேங்காயா, கடலையா? ஆனால் ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் வேறொரு கேள்வியை முன்னே வைக்கிறது: எவ்வளவு? ஒரு நாளைக்கு 2,000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு எண்ணெய், நெய் எல்லாம் சேர்த்து 27 கிராம். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் மூன்றரை லிட்டர். கடையில் தின்ற பஜ்ஜியும் பரோட்டாவும் இதற்குள் அடக்கம். மளிகைக் கடைச் சீட்டை எடுத்துப் பார்த்தால் நம் வீட்டு நிலவரம் தெரிந்துவிடும்.

வகையும் முக்கியம்தான். நிறைகொழுப்பு அதிகமானால் கல்லீரல் எல்.டி.எல். துகள்களை இரத்தத்திலிருந்து திரும்ப எடுத்துக்கொள்ளும் வேகம் குறைகிறது. அவை வெளியிலேயே சுற்றுகின்றன. அந்த வகையில் நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் நமக்கு வாய்த்த நல்ல சொத்து. அவியலில் கடைசியாக விடும் ஒரு கரண்டி தேங்காய் எண்ணெய் யாரையும் கொன்றுவிடாது. எல்லாச் சமையலும் அதிலேயே என்றால் கணக்கு மாறும்.

இங்கே ஏழை, பணக்காரர் பேதமும் வருகிறது. தமிழக ரேஷன் கடைகளில் லிட்டர் 25 ரூபாய்க்குப் பாமாயில் கிடைக்கிறது. கடலை எண்ணெய் அதைப்போலப் பல மடங்கு விலை. கூலி வேலை முடித்து வரும் பெண்ணிடம் "நல்ல எண்ணெய் வாங்கும்மா" என்று உபதேசிப்பது சுலபம். ரேஷனில் கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் தர வேண்டும் என்று விவசாயிகள் கேட்டுவருகிறார்கள். விவசாயிக்கு விலை கேட்கும் அந்தக் கோரிக்கைக்குள் நம் எல்லாருடைய நாளங்களும் அடங்கியிருக்கின்றன.

எல்லா எண்ணெயும் கெடும் இடம் ஒன்று உண்டு: கறுத்துப்போன வாணலி. திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது எண்ணெய் சிதைந்து உள்ளுறையை எரிச்சலூட்டும் பொருள்கள் உருவாகின்றன. சிதைவுப் பொருள்கள் 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 2018 ஜூலை முதல் இருக்கிறது. டால்டா, பேக்கரி பஃப்ஸ் வழியாக வரும் டிரான்ஸ் கொழுப்புக்கு 2022 ஜனவரி முதல் 2 சதவீத வரம்பு இருக்கிறது. விதி தாளில் இருக்கிறது. தெருமுனை வாணலிக்குள் எட்டிப் பார்ப்பது நம் வேலை.

பெட்டிச் செய்தி: நிறைகொழுப்பு எவ்வளவு? (தோராயமாக, 100-க்கு)

தேங்காய் எண்ணெய்: 85 முதல் 90
நெய்: 60-க்கு மேல்
பாமாயில்: 50, பாமோலினில் கொஞ்சம் குறைவு
தவிட்டு எண்ணெய்: 20
கடலை எண்ணெய்: 18 முதல் 20
நல்லெண்ணெய்: 14 முதல் 15
சூரியகாந்தி எண்ணெய்: 10 முதல் 12

பாக்கெட்டில் தேதி எழுதுங்கள்

'உப்பில்லாப் பண்டம் குப்பையிலே' என்று சொல்லி வளர்ந்த ஊர் நம்முடையது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு ஒருவருக்கு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழ். ஒரு தேக்கரண்டி மட்டம்.

இதை எப்படி அளப்பது? சாம்பாரில் இருப்பதைத் தராசில் நிறுத்த முடியாது. ஆனால் பாக்கெட்டை அளக்கலாம். நான்கு பேர் வீட்டுக்கு நாளைக்கு 20 கிராம் என்றால் ஒரு கிலோ பாக்கெட் 50 நாள் வர வேண்டும். புதுப் பாக்கெட் பிரிக்கும்போது மேலே தேதி எழுதிவையுங்கள். பல வீடுகளில் ஒரு மாதத்துக்குள் அது காலியாவது தெரியவரும். ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர் மிளகாய், சிப்ஸ், ஓட்டல் சாப்பாடு வழியே வரும் உப்பு இந்தக் கணக்குக்கு வெளியே.

உப்பு ஏறினால் அழுத்தம் ஏறும். அழுத்தம் ஏறினால் உள்ளுறையின் மீது ஒவ்வொரு துடிப்பும் அடியாக விழும். சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை ஐ.சி.எம்.ஆருடன் சேர்ந்து நடத்தி 2023-இல் வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வில் பெரியவர்களில் 35.5 சதவீதம் பேருக்கு உயர் இரத்த அழுத்தம் இருந்தது. சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடி. இரத்த அழுத்தத்தின் மேல் எண்ணை 10 புள்ளி குறைத்தாலே மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஐந்தில் ஒரு பங்கு குறைகின்றன என்பது பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துக் கண்ட முடிவு.

சீனாவில் 600 கிராமங்களில் ஏறத்தாழ 21,000 பேரிடம் ஐந்து ஆண்டு நடந்த சோதனையில், உப்பின் கால் பங்கைப் பொட்டாசியம் உப்பாக மாற்றியதற்கே பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. நம் கடைகளிலும் அந்த வகை உப்பு இருக்கிறது. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் சிலவகை பிரஷர் மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது. மற்றவர்களுக்கு வாழைப்பழமும் கீரையும் பருப்பும் தரும் பொட்டாசியமே போதும்.

பொரியலுக்கு ஏன் ஓரத்தில் இடம்?

நம் இலையில் சோறு நடுவே மலை. காய் ஓரத்தில் ஒரு கரண்டி. இதைத் திருப்பிப் போடுவதுதான் நாளத்துக்கு நாம் செய்யக்கூடிய பெரிய உதவி. காய்கறியும் பழமும் சேர்த்து நாளைக்கு 500 கிராம் என்கிறது தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். தீட்டிய அரிசியின் மாவுச்சத்து தேவைக்கு மேல் போனால் அது டிரைகிளிசரைடு எனும் கொழுப்பாக மாறி இரத்தத்தில் மிதக்கும். எண்ணெயே தொடாதவருக்கும் கொழுப்பு அறிக்கை சிவப்பாக வருவதன் ரகசியம் பல நேரம் சோற்றுப் பானையில் இருக்கிறது.

கீரைக்குத் தனி மரியாதை உண்டு. அரைக்கீரை, சிறுகீரை, தண்டுக்கீரை, பீட்ரூட் எல்லாவற்றிலும் நைட்ரேட் நிறைய. நாக்கின் மேல் வாழும் கிருமிகள் அதை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. உடல் அதிலிருந்து, ஃபர்ச்காட் தேடிய அதே நைட்ரிக் ஆக்சைடைத் தயாரிக்கிறது. வாயைக் கிருமிநாசினி கொண்டு ஓயாமல் கொப்பளித்தால் இந்த நல்ல கிருமிகளும் போய்விடும் என்பது கூடுதல் செய்தி.

'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்ற பழமொழியில் விஷயம் இருக்கிறது. கொள்ளு, பாசிப்பயறு, கொண்டைக்கடலை, வெந்தயம், ஓட்ஸ் போன்றவற்றில் உள்ள கரையும் நார்ச்சத்து குடலில் பித்தநீரைப் பிடித்து வெளியே கொண்டுபோகிறது. புதுப் பித்தநீர் சுரக்கக் கல்லீரல் இரத்தத்திலிருந்து கொலஸ்ட்ராலை இழுத்துக்கொள்கிறது. கரைப்பது என்று ஏதாவது நடக்கிறதென்றால் அது இந்த வழியில்தான்: குடலில், மெதுவாக, தினமும்.

மீனில் மத்தியும் கானாங்கெளுத்தியும் மலிவு. ஒமேகா-3 கொழுப்போ அவற்றில் தாராளம். வாரம் இரண்டு நாள் போதும். ஆனால் குழம்பாக. ஆழ எண்ணெயில் மிதக்கவிட்டு எடுத்தால் நல்லதோடு கெட்டதும் சேர்ந்தே தட்டுக்கு வரும். சைவர்களுக்கு ஆளிவிதையும் வால்நட்டும், கைப்பிடி வேர்க்கடலையும். ஸ்பெயினில் நடந்த 'பிரடிமெட்' ஆய்வில் ஆலிவ் எண்ணெய் அல்லது கொட்டைகள் சேர்த்த உணவு எடுத்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் ஆகியவை சுமார் 30 சதவீதம் குறைந்தன. ஆலிவ் எண்ணெய் நமக்கு யானை விலை. வேர்க்கடலை நம் மண்ணில் விளைவது.

பெட்டிச் செய்தி: மாத்திரைப் புட்டி என்ன சொல்கிறது?

• வைட்டமின் 'ஈ': 9,500-க்கும் மேற்பட்டோர் பங்கேற்ற 'ஹோப்' ஆய்வில் (2000) மாரடைப்பு குறையவில்லை.
• பீட்டா கரோட்டின்: பின்லாந்தில் புகைபிடிப்பவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது (1994) நுரையீரல் புற்று அதிகமானது. காரட்டில் இருக்கும் சத்துதான். மாத்திரையானதும் குணம் மாறியது.
• மீன் எண்ணெய் மாத்திரை: 25,871 பேரிடம் நடந்த 'வைட்டல்' ஆய்வில் (2018) மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் மூன்றும் சேர்ந்த மொத்தத்தில் குறிப்பிடத்தக்க குறைவு இல்லை. அதிக அளவில் எடுத்தால் இதயத் துடிப்பு ஒழுங்கு தவறும் வாய்ப்பும் உண்டு.
• ஃபோலிக் அமிலம், பி12: குறைபாடு இருந்தால் கட்டாயம் தேவை. குறைபாடு இல்லாதவருக்கு மாரடைப்பைத் தடுக்கும் மருந்தல்ல.
• பூண்டுச் சாறு, வைட்டமின் 'கே': இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து எடுப்பவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் தொடங்கக் கூடாது.

டிரைவரும் கண்டக்டரும்

1953-இல் ஜெரி மாரிஸ் என்ற மருத்துவர் லண்டன் மாடிப் பேருந்துகளில் வேலை பார்த்தவர்களை ஒப்பிட்டார். ஒரே நிர்வாகம், ஒரே ஊர், ஒரே மாதிரி வீடுகள். ஆனால் நாள் முழுவதும் உட்கார்ந்தே ஓட்டிய டிரைவர்களைவிட, மாடிப் படி ஏறி இறங்கி டிக்கெட் கிழித்த கண்டக்டர்களுக்கு இதய நோய் குறைவு. உடற்பயிற்சி நாளத்தைக் காக்கிறது என்ற பேச்சு விஞ்ஞானமானது அங்கிருந்துதான்.

நடக்கும்போது இரத்தம் உள்ளுறையைத் தடவிக்கொண்டு வேகமாக ஓடுகிறது. அந்த உரசலே நைட்ரிக் ஆக்சைடைச் சுரக்கவைக்கிறது. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வேகநடை, இரண்டு நாள் தசைக்கு வேலை என்கிறது உலக சுகாதார நிறுவனம். தமிழக அரசு 2023 நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று 38 மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைபாதைகளை அறிவித்தது. ஆனால் 8 கிலோமீட்டரும் நடந்தால்தான் பலன் என்றில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிடம் நடந்தாலே சர்க்கரை ஏறுவது மட்டுப்படும்.

தூக்கத்தை நாம் சோம்பேறித்தனத்தின் கணக்கில் எழுதிவைத்திருக்கிறோம். அமெரிக்க இதயச் சங்கம் 2022-இல் இதய நலத்துக்கான தன் ஏழு அம்சப் பட்டியலில் எட்டாவதாகத் தூக்கத்தைச் சேர்த்தது. பெரியவர்களுக்கு 7 முதல் 9 மணி நேரம். இரவுப் பணி பார்க்கும் மென்பொருள் இளைஞருக்கும் செவிலியருக்கும் இரவுக் காவலாளிக்கும் அந்த வசதி இல்லை. பகல் தூக்கத்துக்காவது வீடு அமைதி தர வேண்டும்.

புகையிலையைப் பொறுத்தவரை பேரத்துக்கே இடமில்லை. பீடியோ சிகரெட்டோ, கன்னத்தில் அடக்கும் ஹான்ஸோ, எதுவுமே 'குறைவான தீமை' அல்ல. நல்ல சேதி: விட்டு ஓராண்டு ஆனால் புகையால் கூடிய இதய அபாயம் பாதியாகிறது. எந்தக் கஷாயமும் ஓராண்டில் இதைச் செய்ததில்லை.

"கேஸ்தான், சோடா குடிச்சா சரியாயிடும்"

இரவு பதினொரு மணி. மார்பில் யாரோ ஏறி உட்கார்ந்தாற்போல இறுக்கம். வேர்வை. மனைவி ஓமம் கலந்த வெந்நீர் தருகிறார். மகன் கோலி சோடா வாங்க ஓடுகிறான். அடுத்து ஜெலுசில். "காலைல பார்த்துக்கலாம்." இந்தப் பேச்சுக்குள் மூன்று மணி நேரம் ஓடிவிடுகிறது. இரத்தம் நின்ற இதயத் தசை ஒவ்வொரு நிமிடமும் செத்துக்கொண்டிருக்கிறது. செத்த தசை திரும்பாது.

பெண்களுக்கு இன்னும் மோசம். அவர்களுக்கு நெஞ்சு வலி தெளிவாக வராமல் மூச்சு வாங்குவது, தாடை வலி, முதுகு வலி, குமட்டல், காரணமில்லாத களைப்பு என்று வரலாம். எல்லாருக்கும் சமைத்துப் போட்டுவிட்டு "கொஞ்சம் அசதியா இருக்கு" என்று படுக்கும் அம்மாவை யார் இ.சி.ஜி. எடுக்க அழைத்துப் போகிறார்கள்? சர்க்கரை நோயாளிகளுக்கோ வலியே தெரியாமல் போகலாம்.

பெட்டிச் செய்தி: அந்த நேரத்தில்

• நெஞ்சு இறுக்கம், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, குளிர்ந்த வேர்வை 10 நிமிடத்துக்கு மேல் நீடித்தால் 108-ஐ அழையுங்கள். நீங்களே வண்டி ஓட்டிப் போகாதீர்கள்.
• 'இதயம் காப்போம்' திட்டத்தின்படி 2023 முதல் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை நிலையங்களிலும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாட்டின் ஆகிய மூன்று வகையில் 14 மாத்திரைகள் முதல் தவணையாகத் தரப்படுகின்றன. அதைப் போட்டுக்கொண்டு பெரிய மருத்துவமனைக்குப் போகலாம்.
• மயங்கி விழுந்து மூச்சும் அசைவும் இல்லையென்றால் நெஞ்சின் நடுவில் இரு கைகளாலும் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்திக்கொண்டே இருங்கள்.

கரையாது, ஆனால் அடங்கும்

இனி முதல் கேள்விக்கு வரலாம். அடைப்பு கரையுமா?

வீரியமான ஸ்டாட்டின் மருந்து கொடுத்து எல்.டி.எல்.லைச் சுமார் 60-க்கு இறக்கி, நாளத்துக்குள் கருவியை விட்டு இரண்டு ஆண்டு அளந்து பார்த்தார்கள். 2006-இல் வெளிவந்த 'ஆஸ்டராய்டு' ஆய்வு அது. நாளச் சுவரில் கட்டி பிடித்திருந்த பங்கு குறைந்தது எவ்வளவு தெரியுமா? ஏறத்தாழ ஒரு சதவீதப் புள்ளி. இன்றைய மருத்துவத்தின் வலிமையான ஆயுதத்துக்கே இவ்வளவுதான் கரைந்தது. நாற்பது நாள் சாறு எம்மாத்திரம்?

ஆனால் அந்த ஒரு புள்ளிக்குள் வேறொன்று நடக்கிறது. எல்.டி.எல். 39 புள்ளி இறங்கும் ஒவ்வொரு முறையும் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைகின்றன. கட்டிக்குள் இருக்கும் கொழுப்புக் கூழ் வற்றுகிறது, மேல்மூடி தடிக்கிறது, கிழியாமல் நிற்கிறது. கட்டி இருக்கும். ஆனால் அடங்கி இருக்கும். அதனால்தான் மருத்துவர் எழுதிய ஸ்டாட்டினை "கொழுப்பு நார்மல் ஆயிடுச்சே" என்று நிறுத்துவது ஆபத்து. நார்மல் ஆனதே அது உள்ளே போனதால்தான்.

மெரினா நால்வரும் டிபன் கடையில் உட்கார்ந்திருக்கிறார்கள். மூவருக்குப் பொங்கல். ஸ்டென்ட் வைத்தவருக்கு இரண்டு இட்லி. சட்னியைத் தள்ளிவைத்துவிட்டுச் சாம்பாரைப் பாதி ஊற்றிக்கொள்கிறார். அந்தச் சாற்றைப் பற்றி இன்னொரு தடவை பேச்சு வருகிறது. அவர் குறுக்கே புகுந்து வேறு ஏதோ சொல்கிறார்.

"எங்க வீட்ல உப்பு பாக்கெட் மேல அவ தேதி எழுதி வெக்கறா. ஆஸ்பத்திரியில இருந்து வந்ததும் பிரிச்ச முதல் பாக்கெட் இருபத்தெட்டு நாள் வந்துது. போன பாக்கெட் நாப்பத்தொண்ணு."

"இந்தத் தடவை?"

"நேத்திக்கு நாப்பத்தேழு. இன்னும் ஒரு கைப்பிடி இருக்கு."